கழுத்து வார் முப்பத்திரண்டு

பதனிட்ட தோலுக்கு நல்ல வாசம் உண்டு என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் சப்பாத்துக் கடையில் ஐந்து நிமிடம் நின்றிருப்பார்கள். நான் தோலோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். மாரி தொடங்கிக் கடற்காற்று வீட்டுக்குள் வந்தால், அலுமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்த தோலில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்து, ஈரச் சாக்குக்குள் எலி செத்துக் கிடப்பதுபோல நாறும். அந்த நாற்றம் தலையணையில் ஏறும், சோற்றில் ஏறும். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையில் யோசேப் வீடு எது என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை, மூக்கே கொண்டுவந்து விட்டுவிடும் என்று பக்கத்து வீட்டுக் கமலாதேவி பகிடியாகச் சொல்வாள். எனக்கு ஒருநாளும் அது பகிடியாகப் பட்டதில்லை.

யோசேப் என் கணவர். வயது அறுபத்தொன்று. துறைமுகத்தில் படகுகளுக்குக் கன்வஸ் மூடியும் இருக்கை உறையும் தைக்கும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊர் அவரை அறிந்தது அந்த வேலையால் அல்ல. பழைய காலத்து அரசர்களும் சேனாதிபதிகளும் உடம்பில் கட்டிக்கொண்ட சாமான்களைக் கையால் செய்கிறவர் என்றுதான் சொல்வார்கள். இடுப்பு வார், வாள் உறை, முடி, மார்புக் கவசம், மணிக்கட்டுக் காப்பு, இடுப்பில் தொங்குகிற தோல் சுருக்குப்பை எல்லாம் அவர் கையால் வரும். தவக்காலத்தில் கோயிலில் பாஸ்கா நாடகம் போட்டாலும், திருநாளுக்குப் புனிதர் கூத்துப் போட்டாலும், பள்ளிக்கூடத்தில் அரசர் நாடகம் போட்டாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

அது தொடங்கியதே ஒரு அருவருப்பில்தான். நாங்கள் கலியாணம் முடித்த வருடம் பாஸ்காவில் அவருக்கு உரோமைச் சேவகன் வேடம். காட்போட் மட்டையில் தொப்பி செய்து, பொன் நிறப் பெயின்ற் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பங்குனி வெயிலில் வியர்த்து, அந்தப் பெயின்ற் கரைந்து, கண்ணிலும் மூக்கிலும் வழிந்து, கடைசியில் வாய்க்குள்ளும் போய்விட்டது. சிலுவையடியில் நிற்கவேண்டிய சேவகன் பொன் நிறத்தில் துப்பிக்கொண்டு நின்றான். சனம் சிரித்தது. வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, இனிமேல் இந்த ஊரில் ஒருவன் தலையிலும் மட்டைத் தொப்பி ஏறவிடமாட்டேன் என்றார். சொன்னபடியே செய்தார்.

மினுங்குகிற தாளையும் ஒட்டுப் பட்டியையும் கண்டால் அவருக்குக் குமட்டும். ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முந்தின அரசன் இடுப்பு வாரை ஒட்டுப் பட்டியால் பிரித்து ஒட்டினானா என்று, வேடம் கேட்டு வந்த ஆசிரியர்களையே அதட்டுவார். கோயிலில் இருந்த பழைய படப் புத்தகங்களைப் பார்த்துத் தொடங்கி, பிறகு கைபேசியில் உலகத்து நூதனசாலைப் படங்களையெல்லாம் பார்க்கப் பழகிக்கொண்டார். அந்தக் காலத்து உடுப்புக்குப் பொக்கெற் கிடையாது, இடையனும் பிரபுவும் பையைக் கட்டித்தான் திரிந்தார்கள் என்று சாப்பிடும்போது சொல்வார். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பேன். தோல் கிண்ணியாவில் இருந்து வரும். ஸெய்னுதீன் என்ற வியாபாரி மாட்டுத்தோலை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். வாரைப் பூட்டுகிற பக்கிளுக்கான பித்தளையைப் பழைய படகுகளில் இருந்து கழற்றிய துண்டுகளில் அரிந்தெடுத்து இவரே அராவுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. செய்து முடித்த எதையும் தான் போட்டுப் பார்க்காமல் வெளியே கொடுக்கமாட்டார். போட்டவுடன் கழற்றுகிற பழக்கமல்ல. பின்னேரம் ஆறரைக்கு வீட்டில் நாங்கள் செபமாலை சொல்வோம். அந்தச் செபமாலை முழுவதும் சாமானைப் போட்டுக்கொண்டு முழந்தாளில் நிற்பார். பத்துப் பத்து மணியாக வருகிற ஐந்து பத்துமணியும் முடிவதற்குள் எங்காவது அறுத்தால், அரித்தால், இழுத்தால், மறுநாள் காலையில் அதை அவிழ்த்துத் திரும்பத் தைப்பார். ஒருமுறை புதிதாக வந்த பங்குக் குருவானவர் வீடு சந்திக்க வந்தார். மாதா படத்துக்கு முன்னால் இரும்புத் தொப்பியும் மார்புக் கவசமும் போட்ட ஒரு மனிதன் கைகூப்பி நிற்பதைக் கண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வெட்கத்தில் என் உயிர் போனது. ஏரோது ராசாவின் முடி தரித்த இந்த மனிதருக்குப் பக்கத்தில் எத்தனை நாள் முழந்தாளிட்டிருப்பேன்.

ஏன் இந்தப் பைத்தியக்கூத்து என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"பாக்கிறவைக்கு வெளிப்பக்கம். போடுறவனுக்கு உள்பக்கம். உள்பக்கம் நோகக்கூடாது."

இதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. சோற்றுக்கு உப்புக் காணாது என்று சொல்கிற குரலில்தான் சொல்வார்.

நான் தையற்காரி. பள்ளிக்கூட வெள்ளை உடுப்பும் ஆண்களுக்குச் சேட்டும் தைக்கிறேன். எனக்கு நாளும் தவணையும் முக்கியம், அவருக்கு ஓரம் முக்கியம். ஒரு வாரின் ஓரத்தைச் சீவி, தேன்மெழுகு தடவி, மான்கொம்புத் துண்டால் அரை நாள் உரைப்பார். விரலை விட்டுப் பார்த்தால் குழந்தையின் உதடு மாதிரி இருக்கும். இவ்வளவும் யாருக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது கிருஷாந்தனைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தங்கை அஞ்சலினாவின் ஒரே பிள்ளை. தகப்பன் இல்லாதவன். நான்தான் அவனுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டியடியில் சுவாமி பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டபோது, அவனைக் கையில் ஏந்திக்கொண்டு பேரைச் சொன்னது நான். இருபத்துநாலு வயதில், குடாக்கரையைப் பார்த்தபடி நிற்கிற ஒரு பெரிய ஹோட்டலில் உணவு பரிமாறுகிற வேலைக்குச் சேர்ந்திருந்தான். எட்டு மாதமாகியும் நிரந்தரமாக்கவில்லை. நிரந்தரமாக்காவிட்டால் கட்டாருக்குப் போகிறேன் என்று ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். தங்கை என் மடியில் விழுந்து அழுதாள். அவன் போனால் அவளுக்கு வேறு யாருமில்லை. நிரந்தரமாக்குகிற கடிதம் எப்படியும் அவன் கைக்கு வந்துவிடவேண்டும், அவன் ஊரில் நிற்கவேண்டும் என்பதுதான் அந்த வருடம் முழுவதும் என் செபமாலைக் கருத்து.

ஆனபடியால், அந்த ஹோட்டலின் முகாமையாளர் குலசிங்கம் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கியபோது நான் கடவுளைத்தான் கண்டேன். இரண்டு கதிரையையும் துடைத்துப் போட்டேன். குலசிங்கம் ஊர் ஆள். வெளிநாட்டு ஹோட்டல்களில் பதினைந்து வருடம் நின்று வந்தவர். மெதுவாகக் கதைப்பார். தோல் மணத்துக்கு மூக்கைச் சுளிக்காத முதல் பெரிய மனிதர் அவர்தான். கொழும்பில் ஒரு கம்பனியின் ஆட்கள் ஆடி மாதம் வந்து தங்கப் போகிறார்களாம். ஒரு நாள் மத்தியகால ஐரோப்பிய விருந்து. விருந்தினர் எல்லாரும் ராசா, ராணி, பிரபு, வீரர் வேடத்தில் வருவார்கள். முடி பன்னிரண்டு, இடுப்பு வார் இருபது, சுருக்குப்பை இருபது, வாள் உறை ஆறு. கடைசியாகக் கழுத்து வார் முப்பத்திரண்டு.

கழுத்து வாருக்கு அவர் ஒரு பழைய ஓவியத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினார். பிரபுக்கள் குதிரையில் வேட்டைக்குப் போகிறார்கள், முன்னால் நாய்கள் ஓடுகின்றன. ஒரு நாயின் கழுத்தில் விரலை வைத்து, இந்த மாதிரி என்றார். மூன்று விரல் அகலம், முன்னுக்கு ஒரு பித்தளை வளையம், பக்கத்தில் ஒரு தகடு பூட்ட இரண்டு திருகாணித் துளை. யோசேப்பின் முகம் மலர்ந்துவிட்டது. வேட்டை நாய்க்கு அகல வார் போட்டது காட்டுப்பன்றி கழுத்தைக் கிழிக்காமல் இருப்பதற்கு என்றும், இந்த விசயம் தெரிந்த ஒரு மனிதரை இப்போதுதான் காண்கிறேன் என்றும் சொன்னார். குலசிங்கம் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போகிறபோது என் பக்கம் திரும்பி, கிருஷாந்தன் நல்ல பெடியன், யோசிக்காதையுங்கோ என்றார்.

முப்பத்திரண்டு நாய்க்கு எங்கே போவார்கள் என்று நான் கேட்டேன். ஹோட்டல்காரர் எங்கிருந்தாவது பிடித்துவருவார்கள், இல்லாவிட்டால் அலங்காரத்துக்குச் சுவரில் தொங்கவிடுவார்கள் என்றார் இவர். அவருக்கு அது ஒரு கேள்வியே அல்ல. அளவுக் கடதாசியை மேசையில் விரித்தார். பதினாலரை அங்குலம், பதினைந்து, பதினைந்தரை, பதினாறு. பெரிய சாதி நாய்கள்தான் என்று சொல்லித் திருப்தியாகத் தலையாட்டினார்.

நான் அந்தக் கடதாசியைப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக நான் ஆண்களின் கழுத்தில் அளவு நாடாவைச் சுற்றுகிறவள். பதினாலரை மெலிந்த பெடியன், பதினைந்தரை நடுத்தரம், பதினாறு கொஞ்சம் தடித்தவன். என் சேட்டுக் கொப்பியின் ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்தது போல இருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று இன்று பொய் சொல்லமாட்டேன். கடதாசியை மடித்து மேசையில் வைத்துவிட்டு, குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினேன். வாயைத் திறந்தால் இந்த மனிதர் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், கடிதம் போய்விடும் என்று மட்டும் நினைத்தேன்.

மூன்று மாதம் வீடு நாறியது. முடியும் பையும் உறையும் வழக்கம்போலச் செபமாலைக்கு வந்தன. கழுத்து வாரை மட்டும் அவர் போட்டுப் பார்க்கவில்லை. நாய்க்குரியதை மாதாவுக்கு முன்னால் எப்படிப் போடுவது என்றார். முதல் வாரில் உள்ளே தள்ளி இன்னொரு துளை போட்டு, எங்கள் வீட்டு நாய் ரைகரின் கழுத்தில் பூட்டி, செபமாலை முடியும்வரை வாசலில் கட்டிவைத்தார். ரைகர் சொறியவில்லை. அதற்கும் அவர் மனம் ஆறவில்லை. வார் ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோலை வைத்துத் தைத்தார். ஓரத்தை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் உரைத்தார். இது வீண் வேலை, நாய்க்கு ஏன் இவ்வளவு என்று நான் கத்தினேன்.

"மனுசன் எண்டா நோகுது எண்டு வாய் விட்டுச் சொல்லுவான். நாய்க்குச் சொல்ல ஏலாதே."

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டேன்.

விருந்துக்கு ஆறு நாள் இருக்கும்போது ஹோட்டல் வாகனம் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. நாலு நாள் கழிந்து கிருஷாந்தன் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். பெட்டிக்குள் முப்பத்திரண்டு பித்தளைத் தகடு, ஒரு பேர் வரிசை. துறைமுக வேலையில் பாவித்த ஆங்கில எழுத்து அச்சுகள் பெரியப்பாவிடம் இருப்பது குலசிங்கத்துக்குத் தெரியுமாம், அவன்தான் சொன்னானாம். தகட்டில் ஆளுக்கொரு பேர் அடித்துக் கொடுக்கவேண்டும். இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இக்ராம். றுவைஸ். அப்ராஸ். அதற்குப் பிறகு வாய்விட்டு வாசிக்கவில்லை. ஒன்பதாவதாக இருந்த கிருஷாந்தனின் பேரில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது ஆற்றை பேர்கள்?"

"எங்கட பெடியள்தான் பெரியப்பா. நாங்கள் அண்டைக்கு அரண்மனை அடிமையள். விருந்தாளியள் தகட்டைப் பாத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவினம்." அவனுக்கு எதுவும் உறுத்தவில்லை. பெரியப்பாவைச் சந்தோசப்படுத்தவேண்டும் என்று அடுத்ததையும் சொன்னான். "உங்கட வாரை எல்லாரும் போட்டுப் பாத்தனாங்கள். நல்ல சொவ்ற். ஒருத்தருக்கும் கழுத்து அறுக்கேல்லை."

இவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். ஓங்காளிக்கிற சத்தம் கேட்டது. கிருஷாந்தன் பயந்து, பெரியப்பாவுக்கு என்ன சுகமில்லையா என்று என்னைக் கேட்டான். மத்தியானம் சாப்பிட்ட கணவாய் பழுதாக இருந்திருக்கும் என்றேன். அவன் போய்விட்டான்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் செபமாலை நடக்கவில்லை. இவர் தகட்டுப் பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து இருந்தார். நான் அதைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தேன். சண்டை பிடித்தேன் என்பது உண்மை. இது ஒரு மணித்தியாலப் பகிடி, நடிப்பு, பெடியன்களே சிரித்துக்கொண்டு போடுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டேன். பாஸ்காவில் ஒரு பெடியனைத் தூணில் கட்டி அடிக்க, நீங்களே சவுக்குப் பின்னிக் கொடுக்கவில்லையா, அது மட்டும் என்ன என்றும் கேட்டேன். அந்தக் கேள்வி எனக்கே கெட்டித்தனமாகப் பட்டது.

"அந்தப் பெடியன் தானா வந்து, எனக்கு அந்த வேசம் தாங்கோ எண்டு கேட்டவன் சீலா. இவங்களை ஆர் கேட்டது? வேண்டாம் எண்டு சொன்னா வேலை இருக்குமோ?"

பிறகு ஒன்று சொன்னார். கொழும்பு ஆட்களில் அவருக்குக் கோபமில்லையாம், குலசிங்கத்தில் கூட அவ்வளவு இல்லையாம். நாயின் கழுத்தில் விரலை வைத்து அந்த மனிதர் காட்டியபோது சரியாகத்தான் காட்டியிருக்கிறார், பிழை விட்டது நான்தான், கழுத்தின் அளவைப் பார்த்தும் கேட்காமல் விட்டேனே என்றார். அளவைப் பார்த்து விளங்கிக்கொண்டவள் அவருக்கு முன்னால்தான் நின்றேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அவர் வெளுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் ஹோட்டலுக்குப் போனார். வார்களைத் திருப்பி எடுத்துவரப் போகிறேன் என்றார். விருந்து அடுத்த நாள் பின்னேரம். இவர் அங்கே போய்க் குலசிங்கத்தோடு கொழுவினால், இன்னும் வராத கடிதம் வராமலே போய்விடும். குறைந்தது சொன்ன வேலையையாவது முடித்துக் கொடுத்தோம் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். அவருடைய மேசையில் இருந்து எழுத்து அச்சுப் பெட்டியை எடுத்தேன். சுத்தியலும் இரும்புக் கட்டையும் எடுத்தேன். அவர் அடிப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். தகட்டைக் கட்டையில் வைத்து, எழுத்தை நிமிர்த்திப் பிடித்து, ஒரு அடி. இரண்டாவது அடி அடித்தால் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

இக்ராமுக்கு ஐந்து அடி. றுவைஸுக்கு ஆறு. முதல் தகடு கொஞ்சம் சரிந்தது, பிறகு கை பழகிவிட்டது. கை பழகியதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. பத்தாவது பதினைந்தாவது தகட்டில் அது எனக்குத் தையல் மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. எழுத்து நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிருஷாந்தனின் பேரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வரிசையில் அதுதான் நீளமான பேர், பதினொரு எழுத்து. தகட்டில் அடங்க வேண்டுமென்று பென்சிலால் இடம் குறித்து, பதினொரு தரம் அடித்தேன். அழகாக வந்தது.

அஞ்சலினாவுக்குக் கைபேசியில் கோல் எடுத்தேன். கிருஷாந்தன் வேலைக்குப் போகிற வழியில் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பெரியம்மா, நீங்களோ அடிச்சனீங்கள் என்று கேட்டு அதிசயப்பட்டான்.

அவன் போய்க் கால் மணித்தியாலம் இருக்காது, இவர் வந்தார். சைக்கிள் கைபிடியில் ஒரு பை தொங்கியது. முகத்தில் ஒரு தெளிவு. கொழுவவே தேவைப்படவில்லையாம். தகட்டில் பேர் அடிக்க என் கை ஓடாது, வேறு ஆளைப் பாருங்கோ என்று மட்டும் சொன்னாராம். குலசிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தாராம். பேர் இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை, வெறும் வாரைக் கட்டி என்ன செய்ய, நாளைக்குள் வேறு ஆள் பிடிக்கவும் ஏலாது, சரி அண்ணை, அந்த வாரை விட்டுவிடுவம், பெடியள் வெள்ளைச் சேட்டோடயே நிக்கட்டும் என்றாராம். கிருஷாந்தனைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லையாம். பையில் நல்ல பாரை மீன் துண்டு இருந்தது. பொரியும் என்று என்னிடம் நீட்டினார்.

பையை வாங்கிக்கொண்டு நான் சொன்னேன். வேறு வழியில்லை, மேசையில் சுத்தியல் அப்படியே கிடந்தது.

"எத்தினை?" என்று கேட்டார்.

"முப்பத்திரண்டும்."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஹோட்டலுக்குக் கோல் எடுத்தார். மற்றப் பக்கம் குலசிங்கம் சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. தகடுகள் வந்து சேர்ந்துவிட்டனவாம், வேலை திறமாம், மிஸிஸுக்கு நன்றி சொல்லச் சொன்னாராம். இவர் கைபேசியை வைத்துவிட்டு, எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். பாரையை நான் பொரித்தேன். யாரும் தொடவில்லை, ரைகருக்குத்தான் போட்டேன்.

விருந்து நடந்தது. நான் போகவில்லை, ஆனால் பார்த்தேன். அடுத்த நாள் கிருஷாந்தன் கைபேசியில் கொண்டுவந்து காட்டினான். இவர் செய்த முடியைத் தலையில் வைத்து, இவர் செய்த வாரை இடுப்பில் கட்டி, தடித்த ஒரு மனிதர் மேசையில் இருக்கிறார். நம்மவர்தான், தமிழிலும் கதைக்கிறார். இறைச்சித் தட்டோடு என் பிள்ளை குனிகிறான். அந்த மனிதர் தகட்டை எழுத்துக் கூட்டி வாசிக்கிறார். பிறகு வளையத்துக்குள் விரலை மாட்டி அவன் கழுத்தைத் தன் பக்கம் இழுத்து, காதுக்குள் என்னவோ சொல்கிறார். மேசை முழுவதும் சிரிக்கிறது. அவருடைய விரலில் இறைச்சிக் கொழுப்பு மினுங்குகிறது. படகு மூடிக்குப் போடுகிற தையலால் பூட்டிய வளையம், எவ்வளவு இழுத்தாலும் வராது. கிருஷாந்தனும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். வாடிக்கையாளருக்குச் சிரிக்கப் பழக்கிய சிரிப்பு அது. அவனைச் சின்ன வயதில் இருந்து தெரிந்தவளுக்கு அது அவனுடைய சிரிப்பில்லை என்று தெரியும். சீ என்று வந்தது எனக்கு. யாரைச் சொன்னேன் என்று அவன் கேட்டான். தலையிடி என்றேன்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அவன் மட்டுமல்ல, இன்னும் நாலு பேர் நிரந்தரமானார்கள். அஞ்சலினா ஏஜென்சியில் இருந்து பாஸ்போட்டைத் திருப்பி எடுத்துவந்து அலுமாரிக்குள் பூட்டினாள். ஒரு பின்னேரம் தாயும் மகனும் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. மாதாவுக்கு நன்றி சொல்லச் செபமாலை சொல்வோம் என்று தங்கை கேட்டாள். நான் தகடு அடித்த நாளுக்குப் பிறகு இவர் என்னோடு முழந்தாளிட்டதில்லை. அன்றைக்கு வந்து நின்றார்.

கிருஷாந்தன் பையில் இருந்து அந்த வாரை எடுத்தான். ஆளாளுக்கு நினைவுக்கு வைத்துக்கொள்ளக் கொடுத்தார்களாம். பெரியப்பாவின் கைவேலை, பெரியம்மாவின் எழுத்து, வீட்டில் தொங்கவிடப் போகிறேன் என்று இவரிடம் நீட்டினான். இவர் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்து ஆட்டுத்தோலில் வியர்வை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. பிறகு தன் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, வாரைக் கழுத்தில் பூட்டிக்கொண்டு மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார்.

அஞ்சலினா என்னைப் பார்த்தாள். பெரியப்பாவின் பழக்கம்தானே என்று கிருஷாந்தன் சிரித்தான். நான் செபத்தைத் தொடங்கினேன். ஐந்து பத்துமணியும் அவர் அசையாமல் நின்றார். குரல் நடுங்காமல் பதில் சொன்னார். என் கண்ணுக்கு நேரே அவர் கழுத்தில் அந்தத் தகடு இருந்தது. ஞானஸ்நானத் தொட்டியடியில் என் வாயால் சொன்ன பேர், பென்சிலால் இடம் குறித்து என் கையால் அடித்த பேர். பதினொரு எழுத்தும் நேராக இருந்தன.

முடிந்ததும் அவர் பக்கிளைக் கழற்றி, வாரை என் இரண்டு கையிலும் வைத்தார்.

"ஒரு பிழையும் சொல்ல ஏலாது," என்றார். "உமக்கும் அளவாத்தான் இருக்கும்."

தங்கையும் மகனும் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தையல் மெசினுக்கு மேலே உள்ள கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைக் கழுத்தில் பூட்டினேன். அவர் சூடும் பிள்ளையின் வியர்வையும் அதில் இருந்தன. பூட்டியபடியே தனியாக ஒரு செபமாலை சொன்னேன். எங்காவது அறுக்கட்டும், அரிக்கட்டும் என்று காத்திருந்தேன். கடைசி மணி வரைக்கும் அது அறுக்கவே இல்லை.